தண்ணீர் போகும் வழியைப் பார்த்து நட

மலைக்கோ கடற்கரைக்கோ நடக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான். "போற எடத்துல தண்ணி எங்க உள்ள எறங்குது, எங்க வெளிய வருதுன்னு பாத்து வெச்சிருக்கியா கண்ணு?" பெரும்பாலும் பதில் வராது. ஷூ வாங்கியாயிற்று, முதுகுப்பை வாங்கியாயிற்று, செல்போனுக்குப் பவர்பேங்க்கூட எடுத்து வைத்தாயிற்று. நிற்கப் போகிற மண்ணைப் பற்றி மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சர்வேயர் வேலை பார்த்தவன். சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி என்று வெயிலிலேயே கழிந்த உத்தியோகம். முன்னால் சங்கிலி இழுக்கிற ஆள், பின்னால் கல் தேடுகிற ஆள், நடுவில் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நான். பழைய கொச்சி சமஸ்தானத்தில் சித்தூர் ஒட்டாமல் தனியாகக் கிடந்த துண்டு. சுற்றிலும் மலபார் ஜில்லாவும் கோயமுத்தூர் ஜில்லாவும். அதனால் எல்லைக்கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை. சமஸ்தான எல்லை, தாலுகா எல்லை, இப்போது மாநில எல்லை என்று கல்லுக்கு மேல் கல். அத்தனை கல்லையும் தேடித் திரிந்ததில் எனக்குக் கிடைத்த படிப்பு இது: படத்தில் கோடு நிற்கும், மண் நிற்காது. மண்ணை நகர்த்துவது தண்ணீர். தண்ணீரின் போக்கு தெரிந்தவனுக்குக் கால் வைக்கத் தெரியும்.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளம் என்றதும் கண்ணில் வருகிற பச்சை இங்கே கிடையாது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல் இது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக் கொடுத்த வழி. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இந்த வழியாக இறங்கும்போது பனைமட்டைகள் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். மேற்கே மலையாள நாடு நனைகிற மாதத்தில் நமக்குத் தூறல்தான். கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்க வேண்டுமானால் சித்தூர் பக்கம்தான் வரவேண்டும். அந்தக் கரிசலுக்குள் சுக்காங்கல் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். கேரளத்துக்காரன் பருத்தியும் நிலக்கடலையும் விளைகிற காட்டைப் பார்க்க வேண்டுமென்றாலும் இங்கேதான் வந்தான்.

இந்த வறண்ட சீமைக்கு உயிர் கொடுப்பது சித்தூர் ஆறு. கண்ணாடிப்புழை என்றும் சோகநாசினி என்றும் சொல்லுவோம். ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறும் பாலாறும் உப்பாறும் கூடி வருகிற தண்ணீர் அது. பொள்ளாச்சிப் பக்கத்து மணக்கடவில் அளந்து, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விட வேண்டும் என்பது பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். 1970-இல் கையெழுத்தானது, 1958-லிருந்தே கணக்கு. மணக்கடவைத் தாண்டினால் மூலத்தரை. அங்கே தடுத்து இடதும் வலதுமாக வாய்க்காலுக்குத் திருப்புவார்கள். மிச்சம் சித்தூர் தெக்கே கிராமம் வழியாகப் போய், பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழை ஆகும். அங்கிருந்து ஒற்றப்பாலம், ஷொரணூர், குற்றிப்புறம், கடைசியில் பொன்னானியில் கடல். பிறந்த இடத்திலிருந்து 209 கிலோமீட்டர்.

நடை பழகுவதற்கு இந்த ஆற்றங்கரையைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. மூலத்தரையில் காலையில் கிளம்பி ஆற்றை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு சித்தூர் வரை நடந்து பாருங்கள். பாறை, மணல் திட்டு, நாணல், தென்னந்தோப்பு, படித்துறை. சித்தூரில் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. சோகநாசினி என்ற பெயரே அவர் வைத்தது என்று சொல்லுவார்கள். இருந்து களைப்பாற நல்ல இடம்.

ஆனால் அந்த அமைதியை நம்பி நடு ஆற்றுப் பாறையில் போய் உட்காராதீர்கள். 2024 ஜூலையில் அதே ஆற்றில், அப்படி இறங்கிய ஒரு குடும்பத்து நான்கு பேர் ஏறிவந்த வெள்ளத்துக்கு நடுவே பாறைமேல் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி, மிதவைச் சட்டை போட்டு, ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார்கள். அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் நெஞ்சு நின்றுவிட்டது. அந்தப் பாறை எனக்குத் தெரியும். சாதாரண நாளில் குழந்தைகூட நடந்து போய் உட்காரும்.

காரணத்தைக் கேளுங்கள். கொழிஞ்சாம்பாறையில் வெயில் பளீரென்று அடிக்கும்போது ஆனைமலையில் மழை கொட்டும். நாம் மலை மறைவில் இருக்கிறவர்கள். நம் தலைக்கு மேலே இருக்கிற வானம் நம் ஆற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மலையில் பெய்தது அணையில் சேரும். அணை நிறைந்தால் திறப்பார்கள். திறந்தது சில மணி நேரம் கழித்து இங்கே வரும். வருவதற்கு முன்னால் ஆறு அடையாளம் காட்டும். தெளிவாக ஓடின தண்ணீரில் செம்மண் நிறம் கலங்கும். சருகும் குச்சியும் திடீரென்று அதிகமாக மிதந்து வரும். கரைக்கல்லில் நீங்கள் பார்த்து வைத்த ஈரக்கோடு மூழ்கும். சத்தம் மாறும், சலசலப்பு போய் ஒரு இரைச்சல் வரும். இதில் ஒன்றைக் கண்டாலும் துணி, சோப்பு, செல்போன் எதையும் எடுக்கப் பார்க்காமல் கரையேறிவிடுங்கள். ஆற்றில் இறங்குகிறவன் முதலில் செய்ய வேண்டியது, கரையோரக் கல் ஒன்றில் தண்ணீர் மட்டத்தைக் கண்ணால் குறித்துக்கொள்வது. நான் என் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொடுத்தேன்.

ஆற்றங்கரை நிலத்தை அளக்கப் போகிறபோது பட்டாதாரர்கள் ஒவ்வொருவரும் ஒரே சண்டை போடுவார்கள். "எங்க தாத்தா காலத்துல ஆறு அங்க ஓடுச்சுங்க, இப்ப எங்க காட்டைத் தின்னுருச்சு." உண்மைதான். ஆறு வளைகிற இடத்தில் வெளிப்பக்கத்துக் கரையைத் தின்னும். உள்பக்கத்தில் மணலைக் கொண்டுவந்து போடும். வெளிப்பக்கம் தண்ணீருக்கு வேகம், உள்பக்கம் சோர்வு. இது தெரிந்த பழைய குடியானவர்கள் வெளி வளைவில் கிணறு வெட்ட மாட்டார்கள், களம் போட மாட்டார்கள். ஒருவர் மட்டும் மோட்டார் கொட்டகையைக் கரை விளிம்பிலேயே கட்டினார். பைப் செலவு மிச்சம் என்றார். நல்ல மனிதர், கணக்கான மனிதர். 2009 நவம்பர் வெள்ளத்தில் மூலத்தரை ரெகுலேட்டரே உடைந்தபோது அவர் கொட்டகை நின்ற இடத்தில் கரையே இல்லை. மேலே பார்த்தால் கெட்டிக் கரைதான். அடியில் தண்ணீர் பல வருஷமாக அரித்து வைத்திருந்தது. மேல் ஓடு மட்டும் நின்றிருக்கிறது.

பறளிக்குக் கீழே பாரதப்புழையில் நடக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பல பத்தாண்டுகள் மணல் அள்ளினார்கள். 2001-இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் வாருவதைக் கட்டுப்படுத்தவும் கேரளம் சட்டம் கொண்டுவந்தது; அதற்குள் படுகை தாழ்ந்து, மணல் இருந்த இடத்தில் புல்லும் புதரும் ஏறிவிட்டன. அள்ளின குழிகள் தண்ணீருக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. முழங்கால் ஆழத்தில் நடக்கிறவன் அடுத்த அடியில் மூழ்குவது அதனால்தான். உள்ளூர் ஆள் குளிக்கிற துறையைத் தவிர வேறு எங்கேயும் இறங்காதீர்கள்.

இப்போது கடற்கரைக்கு வருகிறேன். என் பேத்தி இங்கிலாந்தில் பிரைட்டனில் படிக்கிறாள். அவள் ஒரு நாள் அனுப்பிய படத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு செங்குத்துப் பாறை, கீழே கடல், விளிம்பில் அவள் ஷூவின் முனை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வீடியோவில் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். "தண்ணி எங்க சாமி உள்ள எறங்குது அங்க?" அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் என் வீட்டுப் பிள்ளை. விசாரித்தாள், படித்தாள், மறுபடி போய்ப் பார்த்தாள். அவள் சொன்னதை வைத்து நானும் தேடிப் படித்தேன்.

அந்த இடத்துக்கு ஏழு சகோதரிகள் என்று பெயர். நம் ஆற்றங்கரைகளிலும் கன்னிமார் ஏழு பேர்தான். சசெக்ஸ் கடற்கரையில் ஏழு குன்றுகள் கடலால் வெட்டுப்பட்டு வரிசையாக நிற்கின்றன. கிழக்கே இருக்கிற பீச்சி ஹெட் 162 மீட்டர் உயரம். பிரிட்டனில் சீமைச் சுண்ணாம்புக் கடற்பாறைகளில் அதுவே உச்சம். எட்டு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசிகள் செத்து, அவற்றின் சுண்ணாம்புத் தகடுகள் விழுந்து விழுந்து அடியில் படிந்ததுதான் இந்தப் பாறை. ஏறக்குறைய அதே யுகத்தில் நம் அரியலூரிலும் கடல்தான் இருந்தது. அங்கே சிப்பியும் நத்தையும் இன்றைக்கும் கல்லாகக் கிடைக்கின்றன. மதுக்கரையிலும் வாளையாறிலும் சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல் இதைவிட எவ்வளவோ பழையது. பூமிக்கு அடியில் வெந்து, அழுந்தி, இறுகினது. சுத்தியலுக்குத் தெறிக்கும். சீமைச் சுண்ணாம்பு அப்படி இல்லை. நகத்தால் கீறினால் மாவாக வரும்.

சுண்ணாம்பு நமக்குப் புதிதா? தெளுவு, அதாவது பதநீர், இறக்குகிறவர் கலயத்தைப் பாளையில் கட்டுவதற்கு முன்னால் உள்ளே விரலால் சுண்ணாம்பு தடவுவார். வாய்ப்பக்கம் லேசாக, அடியில் தடிப்பாக, சுற்றி ஒரே இழுப்பு. அந்தப் பூச்சு இருந்தால் தெளுவு காலை வரை இனிக்கும். இல்லாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கின கலயத்தைக் கவிழ்த்துக் காய வைத்தால் காய்ந்த பூச்சு செதில் செதிலாக உதிரும். அந்தச் செதிலின் உறுதிதான் அந்தப் பாறை விளிம்புக்கும் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு உடனே விளங்கியது.

ஏழு சகோதரிகளுக்கு நடுவே இருக்கிற பள்ளங்களில் ஆறு ஓடுவதில்லை. ஒரு காலத்தில் ஓடியிருக்கிறது. பனி யுகத்தில் மண் உறைந்து இறுகி இருந்ததால் தண்ணீர் மேலேயே ஓடிப் பள்ளத்தாக்கு வெட்டியது. பனி உருகினதும் சீமைச் சுண்ணாம்பு பெய்கிற மழை அத்தனையையும் உள்ளே குடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பள்ளம் இருக்கிறது, ஆறு இல்லை. குடித்த தண்ணீர் உள்ளே வெடிப்பு வழியாக இறங்குகிறது. குளிர்காலத்தில் உறைந்து பெருத்து வெடிப்பை நெம்புகிறது. அடியில் அலை குடைகிறது. ஆண்டுக்குச் சராசரி முப்பது நாற்பது சென்டிமீட்டர் கரை பின்வாங்குகிறது என்கிறார்கள். சராசரி என்றால் தினமும் கொஞ்சம் என்று நினைக்கக் கூடாது. பல காலம் ஒன்றும் நடக்காது. ஒரு நாள் லாரி லாரியாக ஒரே நேரத்தில் இறங்கும். அந்தப் பாறை அவ்வளவு வெண்மையாக இருப்பதற்குக் காரணமே அதுதான்: ஓயாமல் விழுவதால் பாசியோ செடியோ பிடிப்பதற்கு நேரமில்லை. பிள்ளைகள் எந்த அழகைப் படம் எடுக்கப் போகிறார்களோ அந்த அழகே அது விழுந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

அங்கே பெல் டூட் என்று ஒரு பழைய கலங்கரை விளக்கம். கரை கரைந்து கரைந்து கிட்டே வந்துவிட்டதால் 1999-இல் அந்தக் கட்டடத்தை அப்படியே தூக்கித் தண்டவாளம்போல் அடி வைத்து 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். கல் கட்டடத்துக்கே அந்தக் கதி. நடக்கிறவர்கள் விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் விதி. மேலே நிற்பவனுக்குத் தன் காலடியில் பாறை இருக்கிறதா, வெறும் புல் ஓடு கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாது. கீழிருந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

பேத்தி இப்போது வேறு மாதிரி நடக்கிறாள். முதலில் பக்கத்துக் குக்மியர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்து, வளைந்து வளைந்து போகிற அந்த ஆற்றைப் பார்த்துவிட்டு, முகத்துவாரத்தில் நின்று தூரத்திலிருந்து பாறையை முழுதாகப் பார்க்கிறாள். அந்தக் கடலில் ஏற்ற இறக்கம் ஐந்தாறு மீட்டர். பாறைக்கு அடியில் கூழாங்கல் மேல் நடந்து போனவன் திரும்பி வர வழியில்லாமல் அடைபட்டுப் போகலாம். அதனால் ஏற்ற நேர அட்டவணை பார்க்காமல் கீழே இறங்குவதில்லை. ஆற்றிலிருந்து பாறைக்குப் போவதுதான் சரியான வரிசை. ஆற்றைப் படித்தவனுக்குப் பாறை புரியும்.

நமக்கு இங்கிலாந்து வேண்டியதில்லை. பாலக்காட்டில் இரவு ரயில் ஏறினால் விடியும் முன் வர்க்கலை. பேத்தி அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு, எங்கள் தெருவுப் பிள்ளைகளை ஒரு ஜனவரியில் அங்கே கூட்டிப் போனேன். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிற பாபநாசம் கடற்கரைக்கு மேலே நிற்கிற அதே செங்குத்து மண்மலைதான். சீமைச் சுண்ணாம்பு இல்லை, சிவப்பு. ஆனால் பாடம் ஒன்றே. மேலே வெட்டுக்கல், அதற்குக் கீழே மணற்கல், அதற்குக் கீழே களிமண், அந்தக் களிமண்ணுக்குள் கரிந்த மரத்துண்டுகள், பழுப்பு நிலக்கரி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1882-லேயே இதை விவரித்து எழுதினார். இந்த அடுக்குகளுக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. அந்தத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று அறிவித்திருக்கிறது.

வெட்டுக்கல்லைப் பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். மண்ணுக்குள் இருக்கும்போது கோடாலியால் வெட்டலாம். எடுத்துக் காற்றில் வைத்தால் இறுகும். அந்தக் கல்லை 1807-இல் முதன்முதலாக விவரித்து ஆங்கிலத்தில் பெயர் வைத்த புக்கானன், அதைப் பார்த்தது மலப்புறத்து அங்காடிப்புரத்தில். அங்கேயும் நினைவுச் சின்னம் இருக்கிறது. வர்க்கலையில் மேல் மூடி இப்படி இறுகி நிற்கிறது. அடியில் இருப்பது இறுகாதது. மழைத்தண்ணீர் மூடியின் துளை வழியாக, மணற்கல் வழியாகக் கீழே இறங்கும். களிமண்ணை எட்டினதும் அதற்குமேல் இறங்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பி, கடல் பக்கம் ஊற்றாகக் கசியும். கடலில் முழுக்குப் போட்டவர்கள் நல்ல தண்ணீரில் குளிக்கிற அந்த ஊற்றுகள் இவைதான்.

பிள்ளைகளைக் கீழே, விழுந்த மண் இல்லாத ஓர் இடத்துக்கு அழைத்துப் போய்க் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். தோள் உயரத்துக்கு மேலே மணல் காய்ந்து, விரல் பட்டால் உதிர்ந்தது. தோளுக்குக் கீழே சாம்பல் நிறக் களிமண், சோப்புப்போல் வழுக்கல், அதன் தலைமேல் விரற்கடை அகலத்துக்கு ஈரக்கோடு. அந்தக் கோட்டை ஒட்டியே பாசியும் சின்ன இலைச் செடிகளும் வரிசை கட்டி நின்றன. எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி கோட்டோடு விரலை ஓட்டிக்கொண்டே பத்தடி நடந்துவிட்டு, "இந்தக் கோட்டுக்கு மேல இருக்கறது பூராம் வழுக்கிட்டு வருமா தாத்தா?" என்று கேட்டாள். வழுக்கிக்கொண்டு வரும், கண்ணு. அப்படித்தான் வருகிறது. நாற்பது வருஷம் படம் வரைந்த எனக்கு அந்தப் பெண்ணின் கேள்வி தந்த சந்தோஷம் பெரிது.

பிறகு மேலே ஏறி வெடிப்புப் பார்க்கச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெடிப்பு புதிதில்லை. சித்திரையில் கரிசல் பிளந்தால் கன்றுக்குட்டியின் கால் மாட்டும். ஆனால் கரிசல் வெடிப்பு வலைப்பின்னலாக நாலா பக்கமும் ஓடும். அது காய்ச்சலில் வருவது. மழை பெய்தால் மூடிக்கொள்ளும். பாறை விளிம்பில் வருகிற வெடிப்பு, விளிம்புக்கு இணையாக, அதைவிட்டு ஒன்றிரண்டு அடி தள்ளி, நீளமாக ஓடும். மழை பெய்தால் மூடாது; தண்ணீர் அதற்குள் இறங்கி இன்னும் அகட்டும். அப்படி ஒரு கோடு கண்டால், கோட்டுக்குக் கடல் பக்கம் இருக்கிற மண் ஏற்கெனவே கடலுக்குப் போயாகிவிட்டது, போய்ச் சேருகிற நாள் மட்டும் பாக்கி. வேலி சாய்ந்திருந்தால், தென்னை கடல் பக்கம் ஒரே மாதிரி குனிந்திருந்தால், நடைபாதைச் சிமெண்டில் நீள வெடிப்பு ஓடியிருந்தால் அதே செய்தி.

அந்த விளிம்பில் கடைகளும் விடுதிகளும் வரிசையாக இருக்கின்றன. எனக்கு அது மிகுந்த வருத்தம். கட்டடத்தின் பாரம் ஒரு பக்கம்; கழிவுநீர்க் குழியும் குழாய்க் கசிவும் வருஷம் பன்னிரண்டு மாதமும் அந்த மணற்கல்லுக்குள் தண்ணீர் இறக்குவது இன்னொரு பக்கம். மழை மூன்று நான்கு மாதம் செய்வதை இது ஓயாமல் செய்கிறது. அந்த மண்மலை ஒரு பொதுச்சொத்து. அதன் விளிம்பை விட்டு உள்ளே தள்ளிக் கட்டச் சொல்லுவதற்கு ஒரு சர்வேயரின் சங்கிலியே போதும், மனம்தான் வேண்டும்.

பாபநாசத்திலிருந்து வடக்கே திருவம்பாடி, ஓடயம், இடவை, காப்பில் என்று நடந்தோம். மேட்டிலும் கடற்கரையிலுமாக மாறி மாறிப் போகிற வழி. போகப் போக மண்மலை தாழ்ந்துகொண்டே வந்து, காப்பிலில் கடலும் காயலும் ஒரு மணல் கோட்டால் பிரிந்து நிற்கின்றன. அந்த நடையறைக் காயலில் வந்து விழுவது அயிரூர் ஆறு. வெறும் 17 கிலோமீட்டர்தான் நீளம். கேரளத்து 44 ஆறுகளில் மிகச் சின்னவற்றில் ஒன்று. சித்தூர் ஆற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைகள் அதைப் பார்த்து "இதுவும் ஆறா" என்றார்கள். அடுத்த நாள் அதன் கரையோரம் கொஞ்சம் உள்ளே நடந்தபோது அந்தப் பேச்சு நின்றது. வளைவின் வெளிப்பக்கம் அரிப்பு, உள்பக்கம் மணல், கரையோரம் வெட்டுக்கல் மேட்டின் அடியிலிருந்து ஊற்று. சித்தூர் ஆறு செய்கிற அத்தனை வேலையும் அதுவும் செய்கிறது.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்த வாழ்க்கைப் பாடம் இந்த நடையிலேயே இருக்கிறது. மேல் மூடி கெட்டியாக இருப்பதைப் பார்த்து நம்புவது உங்கள் வயதின் வழக்கம். பெரிய கம்பெனி என்று சேருகிறீர்கள், நன்றாகப் பேசுகிறான் என்று பணம் கொடுக்கிறீர்கள், எல்லோரும் வாங்குகிறார்கள் என்று மாதத் தவணை ஏற்றிக்கொள்கிறீர்கள். அடியில் எது எங்கே கசிகிறது என்று பாருங்கள். வரவு எங்கிருந்து வருகிறது, செலவு எங்கே போகிறது, கோபம் வந்தால் அந்த மனிதர் எப்படி நடக்கிறார், கஷ்டம் வந்தபோது யாரை விட்டு ஓடினார். இவை வெளியே தெரியாதவை போலத் தோன்றும். ஈரக்கோடுபோல எல்லாவற்றுக்கும் அடையாளம் உண்டு. பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். சம்பளம் முழுவதையும் தவணைக்குக் கொடுத்துவிட்டு விளிம்பில் நிற்காதீர்கள்; ஐந்து மீட்டர் இடம் விட்டு நில்லுங்கள். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்லுவேன். கடன் வாங்கி அனுப்பின வீடு உங்கள் பின்னால் இருக்கிறது.

எச்சரிக்கையாக இரு என்றால் வீட்டிலேயே இரு என்று அர்த்தமில்லை. நடக்காத பிள்ளைக்கு மண் தெரியாது. என் காலத்தில் வேலைக்காக நடந்தோம். உங்களுக்கு நடையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தேடிப் போங்கள். அப்பா அம்மாக்கள் பயந்து தடுப்பதைவிட, கூட ஒரு நாள் ஆற்றங்கரைக்கு வந்து நடப்பது நல்லது.

போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். சித்தூர் ஆற்றில் நடக்கத் தை, மாசி நல்ல மாதங்கள். அப்போதும் மூலத்தரையில் அல்லது கரையிலிருக்கிற விவசாயி யாரிடமாவது தண்ணீர் திறப்பு உண்டா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வர்க்கலை மண்மலையின் அடியில் நடக்காதீர்கள், உட்காராதீர்கள், மேல் விளிம்புக்கும் போகாதீர்கள். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். படம் எடுக்க வேண்டுமானால் விளிம்புக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டாம்; தூரத்தில் நின்று பாறையை முழுதாக எடுங்கள், அதுதான் நல்ல படமும்கூட. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வருகிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் எங்கள் ஆற்றங்கரையில் ஒரு நாள் நடந்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.